ஒப்பந்தத்துக்கு அடுத்த நாள்: 'மில்லியன் டாலர் ஆர்ம்' காட்டாமல் விட்ட பயிற்சி வாழ்க்கை

விளையாட்டுப் படங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு. ஏழைப் பையன், கண்டுபிடிக்கும் கோச், ஒரு தோல்வி, பின்னணி இசையோடு ஓடும் பயிற்சிக் காட்சிகள், கடைசியில் தேர்வு. தேர்வான உடனே படம் முடிஞ்சிடும், நாமும் கண்ணைத் துடைச்சிக்கிட்டு எழுந்துடுவோம். அந்தப் பையன் மறுநாள் காலையில எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன செஞ்சான், யார்கிட்ட என்ன மொழியில பேசினான், மாசக் கடைசியில கையில எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது.

2014 மே மாதம் டிஸ்னி வெளியிட்ட 'மில்லியன் டாலர் ஆர்ம்' இந்த வழக்கத்துக்கு நல்ல உதாரணம். இதைப் பற்றி இப்போது எழுதக் காரணம், இந்தக் கதை உண்மையில் நடந்தது என்பதுதான். உண்மையில் நடந்ததால், படம் எங்கே நின்றது, வாழ்க்கை எங்கே தொடர்ந்தது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்தால், படம் முடிகிற இடம்தான் கதை தொடங்குகிற இடம் என்று எனக்குப் படுகிறது.

நடந்தது என்ன

முதலில் கதைச் சுருக்கம். ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட், இந்தியாவில் பேஸ்பால் வீசக்கூடிய கை கிடைக்குமா என்று தேட ஒரு டிவி போட்டி நடத்தினார். 2008இல் முடிந்த அந்தப் போட்டியில் 37,000 பேருக்கு மேல் பந்து வீசிப் பார்த்தார்கள். முதல் இடம் ரிங்கு சிங்குக்கு. அடுத்து தினேஷ் படேல். இரண்டு பேரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். ரிங்கு பதோஹி மாவட்டம், லாரி டிரைவரின் மகன். தினேஷ் வாரணாசிப் பக்கம்.

இரண்டு பேருமே கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் இல்லை. லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர்கள். பேஸ்பால் என்ற ஆட்டத்தையே அதுவரை ஆடியதில்லை. அமெரிக்காவுக்குப் போய், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் சில மாதங்கள் கற்றுக்கொண்டார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது.

படம் இங்கே முடிகிறது. திரையில் நிஜ ரிங்கு, நிஜ தினேஷ் படங்கள் வருகின்றன, ரஹ்மான் இசை ஒலிக்கிறது, அவ்வளவுதான்.

படத்தில் நன்றாக இருப்பது

குறை சொல்வதற்கு முன்னால் நல்லதையும் சொல்லணும். சூரஜ் சர்மா (ரிங்கு), மதுர் மிட்டல் (தினேஷ்) இருவரும் அடக்கமாக நடித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் அமித்தாக வரும் பிதோபாஷ் வரும் இடமெல்லாம் படத்துக்கு உயிர் வருகிறது. ஆலன் ஆர்கின், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தபடியே, பந்து கையுறையில் விழும் சத்தத்தை வைத்து வேகத்தைச் சொல்லும் கிழட்டு ஸ்கவுட். அந்த ஒரு விஷயம் இந்த ஆட்டத்தின் ருசியை அழகாகக் கொண்டுவருகிறது. இயக்குநர் கிரெய்க் கில்லெஸ்பிக்கு எங்கே அழவைக்கணும், எங்கே சிரிக்க வைக்கணும் என்று தெரிந்திருக்கிறது.

ஆனால் படத்தின் நாயகன் யார்? ரிங்குவும் இல்லை, தினேஷும் இல்லை. ஜான் ஹாம் நடித்த ஏஜென்ட். அவருக்குப் பணக் கஷ்டம், அவருக்குக் காதல், அவர் மனம் திருந்துகிறார். இரண்டு பையன்களும் அவர் திருந்துவதற்கான கருவிகள். லிஃப்டைப் பார்த்து வியப்பார்கள், பீட்சாவைப் பார்த்து வியப்பார்கள். தனியாக அவர்கள் இருவரும் அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் படம் மிகக் குறைவாகவே கேட்கிறது.

ஒரு சின்ன விஷயம். ஏஜென்டுக்கு இந்த யோசனை வருவது, டிவியில் கிரிக்கெட்டையும் சூசன் பாயிலின் பாட்டுப் போட்டியையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது. சூசன் பாயில் அந்த மேடையில் பாடியது 2009 ஏப்ரலில். இந்திய போட்டி முடிந்ததோ 2008இல். இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் படத்தின் மனநிலை இதில் தெரிகிறது. திறமை என்பது திடீரென்று ஒருநாள் மேடையில் வெளிப்படுவது, யாரோ ஒருவர் அதைக் கண்டுபிடிப்பது, அதோடு வேலை முடிந்தது. இதுதான் படத்தின் நம்பிக்கை. பேஸ்பாலில் பந்து வீசுகிறவரின் வாழ்க்கை இதற்கு நேர் எதிர்.

பிட்சர் என்ன செய்கிறார்

பேஸ்பால் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. பந்து வீசுபவர் பிட்சர். 10 அங்குலம் உயர்ந்த ஒரு மண்மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குலம் தள்ளி இருக்கும் தட்டுக்கு மேலே வீசணும். ஓடி வரக்கூடாது, நின்ற இடத்திலிருந்தே வீசணும். பந்து தரையில் பட்டு எழும்பாது, நேராகப் போகும். மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசினால், கையை விட்ட பந்து பேட்டரிடம் சேர ஏறத்தாழ 0.4 விநாடி.

கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டுவதற்கு 15 டிகிரி வரைதான் அனுமதி. பிட்சருக்கு அந்தத் தடை கிடையாது. முழங்கையை மடக்கி, முன்கையைப் பின்னால் சாய்த்து, பிறகு சாட்டை மாதிரி வீசுவார். அந்த நொடியில் தோள் சுழலும் வேகம் விநாடிக்கு சுமார் 7,000 டிகிரி. மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவுகளில் ஒன்று இது. நம்ம ஊர் வேகப்பந்து வீச்சாளருக்கு முதலில் போவது முதுகு. பிட்சருக்கு முதலில் போவது முழங்கை.

இப்போது ஏன் ஈட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள் என்பது புரியும். ஈட்டி எறிபவரும் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் முழங்கையை முன்னால் விட்டு எறிபவர்தான். நீரஜ் சோப்ராவுக்கு 2019இல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது நினைவிருக்கலாம். ஆனால் 800 கிராம் ஈட்டிக்கும் 145 கிராம் பந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஈட்டி எவ்வளவு தூரம் போனது என்பதுதான் கணக்கு. அது புல்வெளியில் எந்தப் புள்ளியில் குத்தியது என்று யாரும் பார்ப்பதில்லை. பிட்சரோ, 17 அங்குல அகலத் தட்டின் எந்த ஓரத்தில் பந்து போகணும் என்று பார்த்து வீசணும். ஒருமுறை இல்லை, ஒரே ஆட்டத்தில் 80, 90 முறை.

எங்கள் துறையில் சொல்வதுண்டு: டெமோ காட்டுவது ஒரு வேலை, அதே மென்பொருளை ஆயிரம் நாள் நிற்காமல் ஓட வைப்பது வேறு வேலை. டிவி போட்டி டெமோ. மைனர் லீக் என்பது ஆயிரம் நாள்.

ஒரு நாள்

ஃப்ளோரிடாவின் பிரேடன்டன் என்ற ஊரில் பைரேட்ஸின் பயிற்சி வளாகம் இருக்கிறது. பெயர் பைரேட் சிட்டி. வரிசையாக மைதானங்கள், பக்கத்திலேயே தங்கும் அறைகள். புதிதாக ஒப்பந்தம் ஆனவர்கள் இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அவர்கள் ஆடும் தொடருக்கு அப்போது கல்ஃப் கோஸ்ட் லீக் என்று பெயர். மைனர் லீக் ஏணியின் மிகக் கீழ்ப்படி.

இந்த மாதிரி வளாகத்தில் ஒரு இளம் பிட்சரின் நாள் எப்படி இருக்கும்? விடிந்ததும் எழுந்து சாப்பாடு. பிறகு பயிற்சி அறையில் ரப்பர் பட்டையைக் கம்பியில் மாட்டி இழுத்து இழுத்துத் தோளைத் தயார் செய்வது. ஓட்டம், நீட்சிப் பயிற்சி. அப்புறம் ஜோடி ஜோடியாக நின்று பந்தைப் போட்டுப் பிடிப்பது. முதலில் 60 அடி, பிறகு 90, பிறகு 120 என்று தூரம் கூடும். பார்க்க நம்ம தெருவில் பசங்க கேட்ச் போடுவது போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு வீச்சுக்கும் கணக்கு உண்டு.

வாரத்தில் சில நாள் 'புல்பென்'. கோச் பக்கத்தில் நிற்க, கேட்சருக்கு 25, 30 பந்து வீசுவது. கால் எங்கே விழுகிறது, தோள் எப்போது திறக்கிறது, பந்து எந்த விரலில் இருந்து கழல்கிறது என்று ஒவ்வொன்றாகத் திருத்துவார்கள். அதோடு முடிந்தது, மேலே ஒரு பந்து அதிகம் வீச விடமாட்டார்கள். உழைப்பு என்றால் அதிகம் செய்வது என்று வளர்ந்த பையனுக்கு, நிறுத்தச் சொல்வதுதான் கஷ்டமாக இருக்கும்.

அதற்குப் பிறகு பிட்சர்களுக்கான ஃபீல்டிங் பயிற்சி. பந்து வலது பக்கம் அடிக்கப்பட்டால் முதல் பேஸுக்கு ஓடிப் போய் நிற்பது, மெதுவாகத் தட்டிவிட்ட பந்தை எடுத்து எறிவது. இதையே ஐம்பது தடவை. நாளைக்கும் இதே. பேட்டர்கள் அடித்துப் பழகும்போது மைதானத்தில் நின்று பந்து பொறுக்குவதும் பிட்சர்களின் வேலை.

மதியம் ஆட்டம். ஃப்ளோரிடா வெயில், ஈரக்காற்று. நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்வையாளர்களும் கிட்டத்தட்ட கிடையாது. அன்று வீசாத பிட்சர்கள் சும்மா உட்கார முடியாது. வேகமானியைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவன் வீசும் ஒவ்வொரு பந்தின் வகை, வேகம், விழுந்த இடம் எல்லாவற்றையும் தாளில் குறிக்கணும். ஆட்டம் முடிந்து எடைப் பயிற்சி. வெளிநாட்டுப் பையன்களுக்கு ஆங்கில வகுப்பு. இரவு சீக்கிரம் விளக்கணைக்கணும்.

இப்படி ஒரு நாள். அதே மாதிரி இன்னொரு நாள். வாரத்தில் அவன் ஆட்டத்தில் உண்மையாக வீசுவது ஒன்றிரண்டு இன்னிங்ஸ் மட்டும். மீதி எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்கான தயாரிப்பு.

2009 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். அன்றுதான் ரிங்கு முதல்முறை அதிகாரப்பூர்வ ஆட்டத்தில் வீசினார். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியர்கள் ஆடத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். ஜூலை 13 அன்று ஒரு வெற்றியும் அவர் பெயரில் பதிவானது. ஆளில்லாத மைதானத்தில், மத்தியான வெயிலில் நடந்த சரித்திரம். ஒரு நல்ல இயக்குநருக்கு இதைவிட என்ன காட்சி வேணும்?

காட்டியிருக்கிற படம் ஒன்று உண்டு

"ரெண்டு மணி நேரப் படத்தில் தினசரி வேலையை எல்லாம் காட்ட முடியுமா? போரடிக்காதா?" என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனா போடன், ரயன் ஃப்ளெக் இருவரும் சேர்ந்து இயக்கிய 'சுகர்' (2008).

டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த மிகேல் சாண்டோஸ் என்ற பத்தொன்பது, இருபது வயது பிட்சரின் கதை. கற்பனைக் கதைதான். ஆனால் நடித்த அல்ஹேனிஸ் பெரெஸ் சோட்டோ நிஜமாகவே அங்கே பேஸ்பால் ஆடியவர். ஊரில் இருக்கும் பயிற்சி அகாடமியில் தொடங்கி, அரிசோனா முகாம், பிறகு அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் அணி என்று படம் அவன் பின்னாலேயே போகிறது.

இதில் ஒரு உணவகக் காட்சி இருக்கிறது. மிகேலுக்கு ஆங்கிலத்தில் ஆர்டர் செய்யத் தெரிந்தது ஃபிரெஞ்ச் டோஸ்ட் ஒன்றுதான். அதையே தினமும் தின்கிறான். ஒருநாள் முட்டை வேணும் என்று கேட்கப் பார்க்கிறான். பரிமாறும் பெண் எப்படி முட்டை வேணும் என்று வகைவகையாகக் கேட்கிறாள், இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்ப ஃபிரெஞ்ச் டோஸ்டே சொல்லிவிடுகிறான். அவள் புரிந்துகொண்டு, ஒவ்வொரு வகை முட்டையையும் தட்டில் கொண்டுவந்து வைத்துப் பெயர் சொல்லித் தருகிறாள். அழுகை இல்லை, பின்னணி இசை முழக்கம் இல்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில் ஒரு இளைஞன் எப்படிச் சின்னச் சின்னதாகத் தோற்கிறான் என்பது முழுவதும் அதில் இருக்கிறது.

'மில்லியன் டாலர் ஆர்ம்' இதே விஷயத்தை நகைச்சுவையாக்குகிறது. பையன்கள் தெரியாமல் எதையாவது செய்வார்கள், நாம் சிரிப்போம். 'சுகர்' அந்தத் தெரியாமைக்குள் நம்மை உட்கார வைக்கிறது. இரண்டு படத்துக்கும் பட்ஜெட்டைவிடப் பெரிய வித்தியாசம் இதுதான்: கேமரா யார் பக்கம் நிற்கிறது.

பிறகு மிகேலுக்குக் காலில் அடிபடுகிறது. ஆட்டம் குலைகிறது. அவனுக்கு அடுத்து ஊரிலிருந்தே இன்னொரு பையன் வந்து இறங்குகிறான், இன்னும் வேகமாக வீசுகிறான். கடைசியில் யாரிடமும் சொல்லாமல் நியூயார்க்குக்குப் பஸ் ஏறிவிடுகிறான். அங்கே தச்சு வேலை கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஆடுகிறான். அந்த மைதானத்தில் கூட ஆடுபவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும், ஒரு காலத்தில் எந்த அணியில் கையெழுத்துப் போட்டோம் என்பதையும் சொல்கிறார்கள். எல்லோரும் ஒருநாள் 'தேர்வான' பையன்கள்தான்.

அமெரிக்காவிலேயே 1988இல் 'புல் டர்ஹம்' வந்தது. எழுதி இயக்கிய ரான் ஷெல்டன், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மைனர் லீக்கில் ஆடியவர். அதில் அனுபவசாலி கேட்சர் ஒருவர், இளம் பிட்சருக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கக் கற்றுத்தருவார். பத்திரிகைக்காரன் கேட்டால் எந்த அர்த்தமும் இல்லாத இந்த வாக்கியங்களைச் சொல், அவ்வளவுதான் என்பார். உள்ளே இருந்தவருக்குத்தான் இப்படி ஒரு காட்சி தோன்றும்.

சம்பளம் என்கிற விஷயம்

படம் சொல்லாத இன்னொன்று பணம். 'மில்லியன் டாலர்' என்று தலைப்பு இருக்கிறது. ரிங்குவுக்குப் போட்டியில் கிடைத்தது 1 லட்சம் டாலர். அது பரிசு. வேலைக்கான கூலி வேறு கணக்கு.

2010களில் மைனர் லீக்கின் கீழ்ப்படியில் இருப்பவருக்கு மாதம் சுமார் 1,100 டாலர். அதுவும் சீசன் நடக்கும் மாதங்களில் மட்டும். வசந்த காலப் பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. 2014இல், இந்தப் படம் வந்த அதே வருடம், ஆரன் சென் உள்ளிட்ட முன்னாள் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு மேஜர் லீக் நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அதை முன்னெடுத்த வழக்கறிஞர் காரெட் ப்ரோஷுயிஸ், தானே மைனர் லீக் பிட்சராக இருந்தவர். 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவர்களைக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கும் விதியைக் கொண்டுவந்தது. ஆனாலும் வழக்கு நிற்கவில்லை. 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

அதே 2022இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். தங்குமிடத்தை அணிகளே தரணும் என்பதும் அந்த சீசனில் இருந்துதான். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம். கீழ்ப்படியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 4,800 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 19,800 டாலர் ஆனது. நான்கு மடங்கு. இந்தப் போராட்டத்தைப் பற்றி டிஸ்னி படம் எடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட கணத்தை வாழ்க்கையின் உச்சமாகக் காட்டும்போது, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்வையாளருக்கு ஒரு வரியாவது சொல்லியிருக்கணும்.

பிறகு

தினேஷ் படேலை 2010 சீசனுக்குப் பிறகு அணி விடுவித்தது. அவர் ஊருக்குத் திரும்பினார். ரிங்கு தொடர்ந்தார். 2009இல் 11 ஆட்டங்கள், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.84. சுமார்தான். பிறகு படி ஏறினார். மேற்கு வர்ஜீனியா பவர் அணிக்குப் போனார். குளிர்கால இடைவேளையில் ஆஸ்திரேலியா போய் கான்பெரா கேவல்ரி அணிக்கு ஆடினார். 2012இல் 72 இன்னிங்ஸ் வீசி சராசரி 3.00. பேஸ்பாலைத் தொட்டு நான்கே வருடமான ஒருவருக்கு இது நிஜமான முன்னேற்றம். டிவி போட்டியின் வேடிக்கைப் பொருளாக வந்தவர், இப்போது ஒரு பிட்சர்.

2013இல் முழங்கை போனது. டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்தது. கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து வைத்துக் கட்டுவார்கள். திரும்ப வீச ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். ரிங்குவுக்கு அதற்கு மேலும் காயங்கள் தொடர்ந்தன. 2014 மே மாதம் உலகமெங்கும் தியேட்டரில் திரை ரிங்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, நிஜ ரிங்கு பந்து வீச முடியாத ஒரு சீசனில் இருந்தார். மேஜர் லீக் மைதானத்தில் அவர் கடைசிவரை வீசவில்லை. 2018இல் மல்யுத்தப் பொழுதுபோக்கு நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்து, பின்னர் வீர் மகான் என்ற பெயரில் பிரபலமானார்.

இதைத் தோல்வி என்று சொல்லலாமா? மைனர் லீக்கில் நுழைபவர்களில் பத்தில் ஒருவர்தான் மேஜர் லீக்கைத் தொடுவார் என்று பொதுவாகச் சொல்வார்கள். சிறுவயது முதல் ஆடியவர்களுக்கே இதுதான் கணக்கு. பத்தொன்பது வயதில் முதல்முறை பந்தைப் பிடித்தவர், நான்கு வருடத்தில் 3.00 என்ற எண்ணுக்கு வந்ததை எந்தக் கணக்கில் தோல்வி என்பது? படத்தின் கணக்கில் பார்த்தால் மட்டும்தான் அது தோல்வி. தேர்வுதான் வெற்றி என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சரிவாகவே தெரியும்.

நம்ம பக்கம்

இது அமெரிக்கப் பிரச்சினை மட்டும் இல்லை. சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் 1987இல் தொடங்கியது. டென்னிஸ் லில்லி வந்து பயிற்சி கொடுத்தார், 2012இல் கிளென் மெக்ரா பொறுப்பேற்றார். ஸ்ரீநாத், ஜாகிர் கான், முனாஃப் படேல் எல்லாம் அங்கே பழகியவர்கள். அந்த இடத்தைப் பற்றி நம்மிடம் அதிகம் சுற்றும் கதை எது? வேகப்பந்து வீச வந்த சின்னப் பையன் சச்சினை, பேட்டிங்கைப் பார் என்று லில்லி சொன்னது. ஒரு நிமிடத் தேர்வுக் கதை. அங்கே தினமும் காலையில் ஓட்டம் ஓடி, கால் வைக்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பழகி, இந்தியாவுக்கு ஆடாமலே போன பையன்களின் கதை நம்மிடம் இல்லை.

நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, நெசவுத் தொழிலாளி மகன், டென்னிஸ் பந்து, ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி, ஆஸ்திரேலியா, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். இதை எல்லோரும் சொல்வார்கள். நடுவில் ஒன்று உண்டு. 2015இல் முதல் ரஞ்சி ஆட்டத்துக்குப் பிறகு அவர் பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. வீசும் முறையையே பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கேமரா இல்லாத, கைதட்டல் இல்லாத மாதங்கள். என்னைக் கேட்டால் நடராஜன் நடராஜனானது ஏலத்தில் இல்லை, அந்த மாதங்களில்தான்.

தமிழ்ப் படங்களும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. 'ஜீவா' (2014) தேர்வில் நடக்கும் பாகுபாட்டைத் துணிந்து பேசியது. 'கனா' (2018) விவசாயியின் கடனையும் மகளின் கிரிக்கெட்டையும் சேர்த்துச் சொன்னது. இரண்டும் மதிக்கத்தக்க படங்கள். ஆனால் இரண்டிலும் பயிற்சி என்பது பாட்டுக்குள் போய்விடுகிறது. 'லப்பர் பந்து' (2024) எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அது தேர்வு என்ற கோயிலை நோக்கி ஓடவே இல்லை. ஊர் ஆட்டத்தையே முழு வாழ்க்கையாகப் பார்த்தது.

எங்க திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றி, பாடிக்கொண்டே மேலே போவார்கள். உச்சியில் இருக்கும் சாமிக்குத்தான் கூட்டம் என்றாலும், அன்றைக்கு ஒருநாள் படிக்கும் மரியாதை. விளையாட்டுப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் காரில் மேலே போகிறவர்களாகவே இருக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

'மில்லியன் டாலர் ஆர்ம்' கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் மாற்றியிருந்தால் போதும். ஏஜென்டின் காதலில் கொஞ்சம் வெட்டி, மூன்று காட்சிகள். ரிங்கு வேகமானியோடு உட்கார்ந்து வேறொரு பையனின் பந்துகளைக் குறித்துக்கொண்டிருப்பது. முதல் பேஸுக்கு ஓடும் பயிற்சியை ஐம்பதாவது தடவை செய்வது. ஜூலை 4 மத்தியானம், காலி மைதானத்தில் முதல் பந்து. படம் கொஞ்சம் குறைவாக ஓடியிருக்கலாம். ஆனால் அது ரிங்குவின் படமாக இருந்திருக்கும்.

கே.ஜி.கண்டிகை, திருத்தணி, அந்தப் பக்கம் நகரி, புத்தூர் வரைக்கும் கைவேகம் உள்ள பையன்களுக்குப் பஞ்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எந்த ஏரிக்கரை மைதானத்தில் பார்த்தாலும் ஒருத்தன் இருப்பான். அவனை அகாடமிக்கோ, தேர்வுக்கோ கூட்டிக்கொண்டு போகும் அப்பா, மாமா, அண்ணன்மார் இதைப் படித்தால், "செலக்ட் ஆவானா?" என்ற கேள்வியோடு இன்னும் சிலவற்றையும் அங்கே கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீச விடுவீங்க? யார் எண்ணுவாங்க? அடிபட்டா யார் செலவு? படிப்பு என்ன ஆகும்? தேர்வாகாத பையன்கள் இப்போ என்ன பண்றாங்க? இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் இடமாக இருந்தால் பையனைத் தைரியமாக விடலாம்.

படம் பார்க்காதவர்கள் இரண்டையும் பாருங்கள். முதலில் 'மில்லியன் டாலர் ஆர்ம்', மறுநாள் 'சுகர்'. இதே வரிசையில் பார்த்தால்தான் முதல் படம் எந்த இடத்தில் கேமராவை அணைத்தது என்பது தெரியும்.